நாற்பத்திரண்டாவது திறப்பு

2004 நவம்பர் 30, செவ்வாய்க்கிழமை, பின்னேரம் மூன்று மணி பத்து நிமிடம். வெளியே நான்கு பாகை, காலையிலிருந்தே விட்டு விட்டுத் தூறல். திகதியும் நேரமும் அன்று நான் கையெழுத்திட்ட கடதாசியின் தலைப்பில் இருக்கின்றன, வெப்பநிலையை நானே ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்தேன். பேய், ஆவி என்று யாராவது பேசத் தொடங்கினால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். யாழ்ப்பாணத்தில் இருபத்திரண்டு வருடம் கணிதம் படிப்பித்தவன். நீங்கள் நம்பமாட்டீர்கள் என்று தெரியும், உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பமாட்டேன். ஆனாலும் நடந்தது நடந்ததுதான்.

அப்போது எனக்கு அறுபத்து மூன்று வயது. ஜெர்மனியில் டோர்ட்மண்டிலிருந்து ரயிலில் அரை மணித்தியாலத் தூரத்தில் ஒரு நகரம், அதன் பெயர் வேண்டாம். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் கட்டடங்களைப் பார்க்கிற பகுதியில் எனக்கு வேலை.

பல்கலைக்கழகம் வளாகத்துக்கு வெளியே இடம் எடுக்கிற விதம் பலருக்குத் தெரியாது. ஒரு துறைக்கு ஐந்து வருட ஆராய்ச்சிக்குக் காசு வரும், அந்தக் காசில் ஆட்களை எடுப்பார்கள், எடுத்த ஆட்களை இருத்த அறை இருக்காது. துறை தானே ஒப்பந்தம் எழுத முடியாது. நிர்வாகம்தான் எழுதும், துறை சதுர மீற்றருக்கு இவ்வளவு என்று தன் காசில் கொடுக்கும். ஆராய்ச்சி முடிகிற மாதம் ஒப்பந்தமும் முடியும். அப்போது இடத்தைக் கூட்டித் துடைத்து, மின்மானி இலக்கத்தை எழுதி, எடுத்த திறப்பு அத்தனையையும் எண்ணித் திருப்பிக் கொடுக்க வேண்டும். சாவியைத்தான் நாங்கள் திறப்பு என்போம்.

எங்கள் புவியியல் துறை எடுத்தது ஸ்டேசனுக்குப் பின்னால் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடி, ஐம்பத்தெட்டுப் படி. கீழே பல் வைத்தியர், மேலே சட்டத்தரணிகள். துறைக்கு வேண்டியிருந்தது எட்டு அறை, சொந்தக்காரர் மாடியைப் பிரித்துத் தரமாட்டேன் என்றதால் ஒன்பதையும் எடுத்தார்கள். நடையின் கடைசியில் இருந்த ஒன்பதாம் அறையில் ஐந்து வருடமும் யாரும் இருக்கவில்லை. ஒருமுறை அங்கே ஒரு பிரிண்டரைக் கொண்டுபோய் வைத்தார்கள், இரண்டு கிழமையில் திருப்பி எடுத்துவிட்டார்கள். ஏன் என்று கேட்டதற்கு குளிர் என்றார்கள். ஹீற்றர் நன்றாகத்தான் வேலை செய்தது.

எட்டு அறைக்கு ஐந்தைந்து, ஒன்பதாம் அறைக்கு ஒன்று, மொத்தம் நாற்பத்தொரு திறப்பு. ஒவ்வொன்றும் தெருக்கதவையும் திறக்கும். ஒன்று தொலைந்தாலும் ஆறு மாடிக்கும் பூட்டு மாற்ற வேண்டும், அந்தச் செலவு தொலைத்தவர் தலையில் விழும். நாற்பத்தொன்றுக்கும் பொறுப்பு என்று கையெழுத்து வைத்திருந்தது நான். என் கைக்கு வந்த சம்பளம் ஆயிரத்து நூற்று நாற்பது யூரோ.

அன்று மாடியைத் துடைக்க வந்தவள் மலர். துப்புரவுக் கம்பனியில் வேலை, ஐம்பது வயது இருக்கும், வாய் சும்மா இருக்காது. மத்தியானம் ஒரு மணிக்கு வாசலில் கதிரையைப் போட்டு, மடியில் தகரப் பெட்டியை வைத்து நான் மூன்றாம் தடவை எண்ணிக்கொண்டிருந்தபோது வாளியோடு வந்து நின்றாள்.

"மாஸ்ரர், எண்ண எண்ண அதென்ன குட்டியா போடப்போகுது?"

"நாற்பத்தொண்டு. சரியா இருக்கு."

"திறப்புக்கெண்டு காப்புறுதி இருக்கெல்லே, வருசத்துக்குப் பதினெட்டு யூரோ. எடுத்திருந்தா இப்ப நிம்மதியா வீட்டை போய்ப் படுத்திருக்கலாம்."

"நான் துலைக்கிற ஆளில்லை, அதுக்கேன் காசு?"

"ஓம் ஓம். தேத்தண்ணிக்குச் சீனியை எண்ணிப் போடுற மனுசன், நீங்கள் எங்கை எடுக்கப்போறியள்."

அவள் இரண்டு மணிக்கு, காலையில் நானே திறந்துவிட்டிருந்த ஒன்பதாம் அறையைத் துடைத்துவிட்டு, ஈரம் காயட்டும் என்று கதவைத் திறந்தபடி விட்டு வந்தாள். நான் கதிரையை விட்டு எழும்பவில்லை, பெட்டி மடியை விட்டு இறங்கவில்லை. மாடிக்குள் போக இருப்பது அந்த ஒரு வாசல்தான், அதில் இருந்தது நான்.

மூன்று பத்துக்குச் சொந்தக்காரரின் சார்பில் கிளாசன் என்ற பெண்மணி வந்தார். என் முழுப் பெயர் கனகரத்தினம், அவருக்கு அது வாயில் வராது, ஹெர் கனகா, அதாவது திரு கனகா என்பார். மின்மானியைப் பார்த்து எழுதினார். பிறகு யன்னல் விளிம்பில் திறப்புகளை ஐந்தைந்தாகப் பரப்பினார்.

"ஹெர் கனகா, இதில் நாற்பதுதான் இருக்கிறது."

நான் எண்ணினேன், நாற்பது. மலர் எண்ணினாள், நாற்பது. ஒன்பதாம் அறைத் திறப்பைக் காணவில்லை. நாற்பதையும் பெட்டிக்குள் அள்ளிப் போட்டு, பெட்டியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடையின் கடைசிக்குப் போனேன், அவர்கள் இருவரும் பின்னால் வந்தார்கள்.

ஒன்பதாம் அறைக் கதவு பூட்டியிருந்தது.

கிளாசன் தன்னிடமிருந்த பொதுத் திறப்பைப் போட்டுப் பார்த்தார், போகவில்லை. "உள்பக்கத்தில் திறப்பு நிற்கிறது" என்றார். கதவைத் தட்டினார். "யார் உள்ளே?"

உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. திறப்பை எடுத்து மேசையில் வைத்தால் வருமே, அந்தச் சத்தம். ஒன்று, இடைவெளி, அடுத்தது. அந்த அறையில் மேசையே கிடையாது, தளபாடம் எல்லாம் முதல் நாளே போய்விட்டது. என் பழக்கம், நான் எண்ணத் தொடங்கிவிட்டேன். நாற்பதில் நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு திரும்பவும் ஒன்றிலிருந்து, இந்தமுறை கொஞ்சம் வேகமாக. நம்பினால் நம்புங்கள், ஒன்று குறைகிறது என்று பதறிப்போய்த் திரும்ப எண்ணுகிற ஆள் எப்படி எண்ணுவான் என்று எனக்குத் தெரியும், அது அப்படித்தான் எண்ணியது. மூன்றாம் தடவையும் நாற்பதில் நின்றது. அதன் பிறகு அறையில் சத்தமே இல்லை.

"ஹீற்றர் குழாய்" என்றார் கிளாசன். ஆனால் கதவிலிருந்து இரண்டு அடி தள்ளி நின்றுதான் சொன்னார்.

மலர் என் கோட்டின் கையைப் பிடித்தாள். "மாஸ்ரர், வாங்கோ வெளிய போவம். எனக்கு இந்த வேலையே வேண்டாம்."

"ஏலாது பிள்ளை. நானெல்லோ கையெழுத்து வச்சிருக்கிறன்."

பூட்டுத் திறக்கிறவருக்குக் கிளாசன் போன் பண்ணினார். அவர் வர ஐம்பது நிமிடம் ஆனது, மூன்று பேரும் வாசலில் நின்றோம். அவர் வந்து பன்னிரண்டு நிமிடம் துளைத்தார். கதவு திறந்தது.

அறை வெறுமையாக இருந்தது. யன்னல் உள்பக்கமாகச் சாத்தியிருந்தது. மலர் துடைத்த ஈரம் மூலைகளில் இன்னும் காயவில்லை, அதில் ஒரு காலடித் தடமும் இல்லை. துளைத்த பூட்டின் உள்பக்கத்தில் ஒன்பது என்று பொறித்த திறப்பு நின்றது, அதைக் கழற்றிக் கையில் எடுத்தேன்.

எனக்கு அது எப்படி அங்கே போனது என்ற கேள்விகூட அப்போது வரவில்லை. நாற்பதும் ஒன்றும் நாற்பத்தொன்று, தப்பிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். கிளாசன் நடையில் நின்று கடதாசி நிரப்பினார், பூட்டுக்காரர் தன் சாமான்களைக் கட்டினார். பெட்டியைத் திறந்து கடைசியாக ஒருமுறை எண்ணினேன். நாற்பத்தொன்று. பூட்டில் நின்றது இன்னும் என் மற்றக் கையில் இருந்தது. பெட்டிக்குள் பார்த்தால் அங்கேயும் ஒரு ஒன்பது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தேன், ஒரே தேய்வு, ஒரே கீறல். மலர் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"மாஸ்ரர்" என்றாள். "ஒண்டைப் பொக்கற்றுக்குள்ள போட்டிட்டுப் பேசாமல் வாங்கோ. நாற்பத்தொண்டெண்டு எழுதட்டும்."

"இருக்கிறது நாற்பத்திரண்டு, பிள்ளை."

"அவ கேட்டவவோ? நீங்கள் ஏன் சொல்லுறியள்?"

இதுதான் நான் செய்த பிழை. அவள் சொன்னபடி செய்திருக்கலாம். ஆனால் எண்ணிப் பார்த்து ஒரு தொகை வந்த பிறகு வேறு தொகையை எழுதி அதன் கீழ் கையெழுத்து வைக்க என் கை போகாது, வாழ்நாளில் செய்ததில்லை. கிளாசனிடம் போய் நாற்பத்திரண்டு என்று சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார், தானும் எண்ணினார். ஒப்படைத்த திறப்புகள் என்ற கட்டத்தில் 42 என்று எழுதினார். நான் கையெழுத்து வைத்தேன், அவரும் வைத்தார். திறப்புகளைத் தடித்த உறை ஒன்றில் போட்டு ஒட்டி, ஒட்டின இடத்தின்மேல் இருவரும் மறுபடி கையெழுத்து வைத்தோம்.

பத்து நாள் கழித்து நிர்வாகத்திலிருந்து கடிதம் வந்தது. பூட்டுக் கம்பனியில் இருவர் முன்னிலையில் உறையைப் பிரித்தார்களாம், ஒட்டு உடையாமல் இருந்ததாம், உள்ளே நாற்பத்தொன்றுதான் இருந்ததாம். ஒப்படைத்தது நாற்பத்திரண்டு, இருப்பது நாற்பத்தொன்று, ஆகவே ஒரு திறப்பு வெளியே இருக்கிறது. நிர்வாகக் கந்தோருக்கு ஓடினேன். முதலில் தந்ததே நாற்பத்தொன்றுதான், பழைய கடதாசியைப் பாருங்கள் என்றேன். பார்த்தார்கள். அங்கிருந்த பெடியன் மரியாதையாகத்தான் பேசினான். "அப்படியென்றால் நாற்பத்திரண்டு என்று ஏன் கையெழுத்து வைத்தீர்கள், ஹெர் கனகா?"

அதற்கு என்னத்தைச் சொல்வது? கதவுக்குப் பின்னால் ஏதோ எண்ணிக்கொண்டிருந்தது என்று சொல்லட்டுமா? கிளாசனுக்குப் போன் பண்ணினேன். தான் கண்டது கடதாசியில் இருக்கிறது, அதற்கு மேல் தனக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டார். மலர் வேறு கட்டடத்துக்கு மாறிப் போய்விட்டாள். ஒருநாள் தமிழ்க் கடையில் கண்டு கேட்டேன். "அண்ணை, நான் ஒண்டும் கேக்கேல்லை, ஒண்டும் காணேல்லை, என்னை இழுக்காதேங்கோ" என்றாள். அதுவரை என்னை அண்ணை என்று அவள் கூப்பிட்டதில்லை.

இன்னொன்று இருக்கிறது, யாருக்கும் சொல்லாதது. மூன்றாம் தடவை அறைக்குள் எண்ணிக்கை நாற்பதில் நின்றது என்று சொன்னேன் அல்லவா. அதன் பிறகு அறைக்குள் சத்தம் இல்லை என்பது உண்மை. ஆனால் நாற்பத்தோராவது சத்தம் ஒன்று கேட்டது. அது என் கக்கத்தில் இருந்த பெட்டிக்குள் கேட்டது. பெட்டி ஒரு திறப்பின் அளவுக்குப் பாரம் கூடியதும் எனக்குத் தெரிந்தது. பயத்தில் நான் மூடியைத் திறந்து பார்க்கவில்லை.

ஆறு மாடிக்கும் பூட்டு மாற்ற ஒன்பதாயிரத்து எண்ணூற்று அறுபது யூரோ. ஊழியர் சங்கம் எனக்காகப் பேசி என் பங்கை நாலில் ஒன்றாகக் குறைத்தது. மாதம் நூற்று நாற்பத்தைந்து, பதினேழு மாதம் சம்பளத்தில் கழித்தார்கள். அன்று பூட்டுக்காரருக்கு என் கையிலிருந்து கொடுத்த நூற்று எண்பத்தாறு யூரோ நாற்பது சதத்தையும் சேர்த்தால் மொத்தம் இரண்டாயிரத்து அறுநூற்று ஐம்பத்தொரு யூரோ நாற்பது சதம்.