மேற்படி தாங்கல்

என் வீட்டுக்காரர் பெயர் ராஜமாணிக்கம். அவர் இருந்தவரை அந்தப் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவையும் வரவில்லை. சொந்தபந்தம் மொத்தத்துக்கும் அவர் 'மேற்படி'தான். "இன்னைக்கி இன்னா கொழம்பு வெக்கட்டும்?" என்று கேட்டால் "மேற்படிதான்" என்பார். நேற்று வைத்ததே போதும் என்று அர்த்தம். கல்யாண வீட்டில் யாராவது "எப்படி இருக்கீங்க?" என்றால் அதற்கும் "மேற்படி". போன தடவை பார்த்தபோது எப்படி இருந்தேனோ அப்படியே இருக்கிறேன் என்று அர்த்தம்.

அவர் அரசாங்கத்துக் குமாஸ்தா. நிலப் பதிவேடுகளைப் பார்க்கும் பிரிவில் வேலை. பழைய பதிவேடுகளில் மேல் வரியில் உள்ளதே அடுத்த வரிக்கும் வந்தால் திரும்ப எழுத மாட்டார்கள். ௸ என்று ஒரு குறி போட்டு விடுவார்கள். அதை மேற்படி என்று படிக்க வேண்டும். அந்தக் குறியை இவர் போடுகிற அழகே தனி. பேனாவை எடுக்காமல் ஒரே இழுப்பு. மளிகைச் சீட்டில்கூட 'துவரம்பருப்பு ஒரு கிலோ, உளுத்தம்பருப்பு ௸' என்று எழுதிக் கொடுப்பார். கடைக்காரர் சக்கரபாணி அதைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்து, "இன்னா சார் இது, கோலமா?" என்று கேட்பார். எனக்குச் சிரிப்பு வரும். ஒரு குறி ஒரு குடும்பத்தை என்ன பாடு படுத்தும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

எண்பத்தொன்பதில் எங்கள் திருவண்ணாமலை தனி மாவட்டமாயிற்று. ஊரே மாப்பிள்ளை மாதிரி நடந்த வருஷம் அது. ஒரு மாடி வீடு காலியிருந்தால் போதும், மறுவாரம் அதில் ஒரு அலுவலகத்தின் போர்டு தொங்கும். வேலூரில் இருந்த பதிவேடுகளை எல்லாம் பார்த்து இங்கே புதிதாகப் பிரதி எழுத வேண்டியிருந்தது. கையெழுத்து நன்றாக இருக்கிறவர்களைப் பொறுக்கி உட்கார வைத்தார்கள். முதல் ஆளாக இவர். மூன்று மாதம் வேலூருக்கும் இங்கேயுமாக அலைந்தார். விரலில் மை காயவே இல்லை. அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை. "கலா, ஒரு மாவட்டத்தையே கையால எழுதறேன்" என்பார். நானும் பெருமையில் காலையில் அரை டம்ளர் காபி ஜாஸ்தியாகவே கொடுப்பேன்.

அப்போது நாங்கள் செங்கம் ரோடு பக்கம் ஒரு சந்தில் வாடகைக்கு இருந்தோம். ஆசிரமத்துக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு அறை விடலாம் என்று வீட்டுச் சொந்தக்காரர்கள் கண்டுபிடித்திருந்த காலம். "தங்கச்சி, ஒரு வெள்ளக்காரம்மா ஆறு மாசம் தங்கறாங்களாம்" என்று அவர்கள் ஆரம்பித்தாலே நான் பாத்திரங்களைச் சாக்கில் போட ஆரம்பித்து விடுவேன். ஏழு வருஷத்தில் நாலு வீடு. மகள் ஓவியா ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் தன் உயரத்தைக் கரியால் கோடு போட்டு வைப்பாள். எல்லாக் கோடுகளையும் பின்னால் வெள்ளையடித்து விட்டார்கள். அழிக்க முடியாத ஒரு சுவர் வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

அந்த ஆசைக்கு ஒரு வழி வந்தது. கீழ்பென்னாத்தூர் போகிற ரோட்டில் நொச்சித்தாங்கல் என்ற ஊருக்குப் பக்கத்தில் தரிசு நிலம் ஒன்றை அலுவலர்களுக்கு மனை போட்டுக் கொடுத்தார்கள். நாற்பத்திரண்டு மனை. குலுக்கலில் எங்களுக்குப் பதினேழாம் எண். அன்றிலிருந்து எந்தப் படிவம் வந்தாலும் நிரந்தர முகவரி என்ற இடத்தில் 'மனை எண் 17' என்று நான்தான் எழுதுவேன். வீடே இல்லை, முகவரி மட்டும் தயார்.

தொண்ணூற்றாறில் பூமி பூஜை போட்டோம். கடைக்கால் தோண்டும்போது சுப்பிரமணி மேஸ்திரி மண்வெட்டியை நிறுத்திவிட்டு, "சார், நத்த ஓடா வருது பாருங்க. மண்ணும் வண்டல் மண்ணா கீது" என்றார். இவர் ஒரு நத்தை ஓட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "ரெக்கார்டுல தரிசுன்னுதான் இருக்குது" என்றார். மேஸ்திரியும் ரெக்கார்டுக்குக் கட்டுப்பட்டுத் தோண்டினார். பேஸ்மட்டம் வரை எழும்பியது. நான் அதன் மேல் ஏறி நின்று, இங்கே சமையல்கட்டு, இங்கே பூஜை அலமாரி, இதோ ஓவியாவின் கோட்டுக்கு ஒரு சுவர் என்று நடந்து காட்டினேன். இவர் பின்னாலேயே வந்து ஒவ்வொன்றுக்கும் "மேற்படி, மேற்படி" என்று தலையாட்டினார்.

அந்த வருஷம்தான் பஞ்சாயத்துத் தேர்தல் நடந்தது. நொச்சித்தாங்கலில் திரௌபதி என்ற பெண் தலைவரானாள். மணிலாக்கொட்டை என்கிற வேர்க்கடலை போடுகிற குடும்பம், எட்டாவது வரை படிப்பு, வெண்கலக் குரல். ஒருநாள் மனுவோடு நேராக எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். மனை போட்டவர்கள் ரோட்டுக்காக வரத்துக்கால்வாயை மண் போட்டு மூடிவிட்டார்களாம். மழைத் தண்ணீர் தாங்கலுக்கு வரவில்லை, ஊர்க் கிணறுகள் எல்லாம் கீழே போய்விட்டன என்றாள். சின்ன ஏரியைத் தாங்கல் என்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

இவர் வழக்கம்போல, "அது தாங்கல் இல்லம்மா. ரெக்கார்டுல தரிசுன்னு இருக்குது" என்றார்.

"எங்க ஊரு பேருலயே தாங்கல் கீதே சார்! எவனோ தரிசுன்னு எழுதிட்டா தண்ணி நிக்காம பூடுமா?"

நான் காபி கொண்டு வந்து வைத்தேன். அவள் குடித்துவிட்டுப் போனாள். இவருடைய டம்ளரில் ஆடை படிந்து கிடந்தது.

அடுத்த திங்கட்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் வேலூர் பஸ் ஏறிப் போனார். சாயங்காலம் திரும்பியவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு ஓவியாவின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எனக்கு எழுதிக் காட்டினார். பழைய பதிவேட்டில் நூற்றுப் பன்னிரண்டாம் சர்வே நம்பர் தாங்கல். அதற்கு அடுத்த வரி நூற்றுப் பதிமூன்று, எங்களுக்கு மனை போட்ட இடம், அதற்கு ௸. அதாவது அதுவும் தாங்கல். ஆனால் பன்னிரண்டின் ஓரத்தில் ஒரு துண்டைப் பிரித்து, '112/2 தரிசு' என்று பக்கவாட்டில் யாரோ சிவப்பு மையில் பின்னால் சேர்த்திருந்தார்கள். ஓரத்தில் கிடப்பதை ஒழுங்காக அதன் இடத்தில் வைக்க வேண்டும் என்று இவர் பிரதியில் அதைப் பன்னிரண்டுக்கும் பதிமூன்றுக்கும் நடுவில் எழுதினார். அதன் கீழே பதிமூன்றுக்கு, பார்த்தது பார்த்தபடி, ௸. இப்போது மேலே இருப்பது தாங்கல் இல்லை, தரிசு. ஒரு ஏரி அந்த இழுப்பில் காணாமல் போயிற்று. அதன் நடுவயிற்றில் எங்கள் பேஸ்மட்டம்.

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் நான் கேட்டது இதுதான்: "வெளியில தெரியாது இல்ல?"

"தெரியாது. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சிப் பாத்தாத்தான் தெரியும். அப்பிடிப் பாத்தவன் நான் ஒருத்தன்தான்."

"அப்போ விடுங்க."

"எப்பிடி விடறது கலா? கையெழுத்து என்னுது."

"நாப்பத்திரண்டு குடும்பம். அதுல ஒண்ணு நாம. இன்னொரு வீட்டுச் சாக்கை என்னால தூக்க முடியாதுங்க."

நான் பத்து நாள் அவரோடு பேசவில்லை. அவர் காகிதத்தில் தொலைத்த தாங்கல் என் மனசில் வந்து மனத்தாங்கலாகத் தேங்கிவிட்டது. பதினோராம் நாள் அவர் அலுவலகத்தில் ஒரு குறிப்பை எழுதி, கையெழுத்துப் போட்டு, மேலே அனுப்பிவிட்டு வந்தார். அதன் நகலை என்னிடம் காட்டினார். நூற்றுப் பதிமூன்று தாங்கல் என்று முழுசாக எழுதியிருந்தது. கடைசி வரி: 'பிழை என்னுடையது.' ரத்து செய்ய வேண்டிய மனைகளின் பட்டியலில் முதல் பெயரும் அவருடையதே.

அப்புறம் நடந்தது ஊரறிந்தது. நாற்பத்திரண்டு மனையும் ரத்தாயிற்று. கூட வேலை பார்த்தவர்கள் டீக்கடையில் இவரைப் பார்த்தால் எழுந்து போனார்கள். அவர்கள் மனைவிமார்கள் கோயிலில் என்னைப் பார்த்தால் திரும்பிக்கொண்டார்கள். அவர் மேல் விசாரணை வைத்தார்கள், பதவி உயர்வு நின்றது. இரண்டு வருஷம் கழித்து மற்றவர்களுக்கு வேறு இடத்தில் மாற்று மனை கிடைத்தது. விசாரணையில் இருப்பவருக்குக் கிடையாது என்று இவர் பெயரை மட்டும் விட்டுவிட்டார்கள். ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே என்று அள்ளிக்கொள்கிறவர்கள் நிறைந்த உலகத்தில், தன் வீட்டு நெய்யைத் தானே கவிழ்த்த மனுஷன் எனக்கு வாய்த்தார்.

திரௌபதி கிராமசபையில் தீர்மானம் போட்டாள். சர்வேயரை வரவழைத்து எல்லைக்கல் நட்டாள். வரத்துக்கால்வாயைத் தோண்டி, கரையை உயர்த்தி, தாங்கலைப் பஞ்சாயத்துப் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் இவர் சைக்கிளில் போய், ஒரு கல்லாவது நகர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவார். எங்கள் பேஸ்மட்டத்தை மட்டும் யாரும் இடிக்கவில்லை. தண்ணீர் நிற்க வேண்டிய உள்வாயில் அது அப்படியே நின்றது.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அந்தக் குறிப்பு எழுதிய நாளிலிருந்து அவர் ௸ போடுவதை விட்டுவிட்டார். மளிகைச் சீட்டில் 'உளுத்தம்பருப்பு ஒரு கிலோ' என்று முழுசாக எழுதினார். என்ன குழம்பு என்று கேட்டால் "எதுனா வெய்யி" என்றார். எனக்கு வீடு போனதைவிட அந்த 'மேற்படி' போனதுதான் வலித்தது. அதை அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

தாங்கல் தயாரானது, மழைதான் வரவில்லை. இரண்டாயிரத்து இரண்டு, மூன்று, நாலு என்று வானம் கையை விரித்தது. ஆறாவது வீட்டுக்கு மாறிய அன்று, சாக்கை இறக்கி வைத்த கோபத்தில், "ஏரியும் இல்ல, வீடும் இல்ல. உங்க கையெழுத்து நல்லா இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. அந்த ஆடி மாதம், ஓய்வு பெற ஒரு வருஷம் இருக்கும்போது, அலுவலக மேஜையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். காய்ந்த தாங்கலை மட்டுமே பார்த்துவிட்டுப் போனார். நான் சொன்ன அந்தச் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ள எனக்கு வாய்க்கவே இல்லை.

மறு வருஷம் ஐப்பசியில் பிடித்த மழை கார்த்திகை தீபம் வரை விடவில்லை. திரௌபதி ஆளே அனுப்பாமல் தானே ஆட்டோவில் வந்து இறங்கினாள்.

"யக்கா, கெளம்பு. தாங்கல் கோடி போவுது!"

நிரம்பி வழிகிறது என்று அர்த்தம். போனேன். கரைமேல் ஊரே நின்றது. தண்ணீர், மிச்சம் வெளியேறுகிற கலங்கல் கல்லைத் தாண்டிச் சத்தமாக இறங்கிக்கொண்டிருந்தது. பெண்கள் மஞ்சளும் பூவும் விட்டுக் கும்பிட்டார்கள். நான் ஒதுங்கி நின்றேன். திரௌபதி தட்டை என் கையிலேயே கொண்டுவந்து திணித்தாள். "நீ போடு யக்கா. உன் ஊட்டு மேலதான் தண்ணி நிக்குது" என்றாள். பேஸ்மட்டம் எங்கே என்று தேடினேன். தெரியவில்லை. சமையல்கட்டு, பூஜை அலமாரி, ஓவியாவின் சுவர், எல்லாவற்றுக்கும் மேலே ஒரே தண்ணீர். பூவைப் போட்டுவிட்டு வாய்விட்டு அழுதேன்.

அந்த மாதமே கருவூலத்தில் நான் உயிரோடு இருக்கிறேன் என்று எழுதிக் கொடுக்கப் போனேன். குடும்ப ஓய்வூதியத்துக்கு வருஷா வருஷம் கொடுக்க வேண்டியது. தற்போதைய முகவரியில் செங்கம் ரோடு சந்து வீட்டை எழுதினேன். அடுத்த கட்டம், நிரந்தர முகவரி. போன வருஷம் அதில் ஏதோ வெறுப்பில் ௸ போட்டிருந்தேன். இந்த வருஷமும் கை அந்த இழுப்புக்குத்தான் போயிற்று. பாதியில் நிறுத்தி, அடித்துவிட்டு, முழுசாக எழுதினேன்.

ஜன்னலுக்குள் இருந்த பெண் படித்தாள். "மனை எண் பதினேழு, நொச்சித்தாங்கல்... அம்மா, நான் அந்தப் பக்கம்தான். அங்க வீடு ஒண்ணும் இல்லீங்களே. ஏரிதான இருக்குது?"

"ஆமாம்மா, ஏரிதான்" என்றேன். "எங்க வீட்டுக்காரர் எழுதனது."

அவர் பெயர் என்ன என்று கேட்டாள். ராஜமாணிக்கம் என்று சொன்னேன்.