மூடிக்கிடந்த டேங்கின் காற்று

ராயபுரத்தில் ஒரு பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். வேதிப்பிணைப்பை என்னைவிட நன்றாக யாரும் நடத்திவிட முடியாது என்ற திமிர் எனக்கு இருந்தது. சோடியம் எலக்ட்ரானைக் கொடுக்கும், குளோரின் வாங்கிக்கொள்ளும், அது அயனிப் பிணைப்பு. இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் எலக்ட்ரான்களைப் பங்குபோட்டுக்கொள்ளும், அது சகப்பிணைப்பு. கரும்பலகையில் வட்டங்கள் போட்டு முடித்தால் பிள்ளைகளுக்கு மதிப்பெண் உறுதி.

என் அண்ணனுக்குத் துறைமுகத்தில் துரு சுரண்டும் வேலை. அவனுடைய கூட்டாளி தினமும் காலையில் எங்கள் வாசலுக்கு வந்து, நான் கொடுக்கும் டீயைக் குடித்துவிட்டு அவனைக் கூட்டிப்போவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது, மாதக்கணக்கில் மூடிக்கிடந்த கப்பல் டேங்கில் அந்த வாரம் இறங்கப்போவதாக அண்ணன் சொன்னான். உள்ளிருக்கும் ஆக்சிஜனை இரும்பு தன்னோடு பிணைத்துத் துருவாக்கிவிடும், பிறகு அது யாருடைய மூச்சுக்கும் உதவாது என்றேன். மிச்சக் காற்றுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை, இரண்டு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். விசிறி வைத்துக் காற்று அனுப்பாமல் இறங்கக் கூடாது, உள்ளே யார் விழுந்து கிடந்தாலும் சரி, என்று சத்தியம் வாங்கினேன். தங்கச்சி பாடம் எடுத்தாள் என்றால் சிரிப்பார்கள் என்று அண்ணன் அதை வெளியே சொல்லவில்லை.

வியாழக்கிழமை அவன் விசிறி எடுக்கப் போன நேரத்தில் கூட்டாளி இறங்கிவிட்டார். அவன் திரும்பி வந்தபோது அவர் ஏணியடியில் சுருண்டு கிடந்தார். அண்ணன் ஏணியில் ஒரு காலை வைத்து, எடுத்துவிட்டான். விசிறி ஓடி, ஆட்கள் இறங்கித் தூக்கியபோது உயிர் இல்லை.

புளியந்தோப்பில் சாவு வீட்டில் எல்லோரும் அண்ணனையே பார்த்தார்கள். கூட்டாளி கிடக்க மேலே நின்றவன். அவன் தலை நிமிரவே இல்லை. எனக்குத் தாங்கவில்லை. கூட்டாளியின் மனைவி பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவன் பயந்து நிற்கவில்லை, நான்தான் சத்தியம் வாங்கியிருந்தேன் என்று சொல்லி, இரும்பு காற்றை என்ன செய்யும் என்பதையும் விளக்கினேன். அங்கேயும் பாடம்தான்.

அவள் கடைசிவரை கேட்டாள்.

"இவ்ளோ தெரிஞ்சி வெச்சிகினு கீறீங்க டீச்சர். எங்க வூட்டுக்காரராண்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நான்கு காலை அவர் எங்கள் வாசலுக்கு வந்தார். நான்கு நாளும் நான்தான் டீ கொடுத்தேன்.