என்னைக் கண்டால் திருந்திவிடும் ஓவன்

போர்ட் பிளேருக்கு அரசு மின்சாரத் துறை வேலைக்கு வந்த புதிதில் எனக்கு உருப்படியாகத் தெரிந்தது பல்பு மாட்டுவது மட்டும்தான். ஆனால் மெயின்லேண்டில் படித்துவிட்டு வந்தவன் என்பதால் பஜாரில் என்னை இன்ஜினியர் என்றே சொல்லிக்கொண்டார்கள். நானும் மறுக்கவில்லை. வந்த இடத்தில் பெரியவர்களை எதிர்த்துப் பேசக் கூடாதல்லவா?

அந்தப் பட்டத்தை நம்பித்தான் அபர்தீன் பஜார் ரொட்டிக்கடை பாய் ஆள் விட்டு என்னைக் கூப்பிட்டார். ராமநாதபுரத்துக்காரர். கழித்துப்போட்ட கப்பல் ஒன்றின் சமையலறையிலிருந்து ஒரு மின்சார ஓவனை வாங்கி இறக்கியிருந்தார். பீரோ உயரம் இருக்கும். அதன் முன்னால் நின்றால் எனக்கே சல்யூட் அடிக்கத் தோன்றும்.

ஓவனின் வியாதி இதுதான். சூட்டைக் கூட்டிக் குறைக்கிற குமிழை எங்கே வைத்தாலும் ரொட்டி கருகியது. ஆனால் வெளியே இருக்கும் சூட்டுமானியோ, "இன்னும் சூடே ஏறவில்லை" என்று காட்டிக்கொண்டிருந்தது.

"மிஸ்திரி, இந்த ஓவன் பாகல் ஆயிடுச்சா, இல்ல நம்ம ஆளுக்குத்தான் பைத்தியமா? ரெண்டுல ஒண்ணு சொல்லு," என்றார் பாய். அவருக்கு ரிப்பேர்க்காரர் எல்லோரும் மிஸ்திரிதான்.

நம்ம ஆள் என்பது ரொட்டி போடுகிற அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கம். மாவுக்குள் விழுந்து எழுந்தவர்போல எப்போதும் வெள்ளையாக இருப்பார். இன்னொரு தடவை கருகினால் அடுத்த கப்பலில் மெட்ராஸுக்கு அனுப்பிவிடுவேன் என்று பாய் சொல்லியிருந்தார். அதில் ஒரு சிக்கல். அண்ணாச்சியின் மனைவியும் பிள்ளைகளும் முதல்முறையாகத் தீவுக்கு வருவது அதே கப்பலில்தான்.

"அவ இறங்குத ஏணியிலேயே நான் ஏறணுமாம் தம்பி," என்றார் அண்ணாச்சி. "நடுவுல நின்னு சௌக்கியமான்னு கேட்டுக்கிட வேண்டியதுதான்."

அவர் சிரித்தார். கை மட்டும் மாவைப் பிசைந்துகொண்டே இருந்தது. பிசைந்து முடித்த மாவு அது.

ஓவனின் உள்ளே, கூரையின் பின்பக்கத்திலிருந்து சுண்டுவிரல் தடிமனில் ஒரு செம்புக் குச்சி கீழே தொங்கும். சூடு பார்ப்பது அதுதான். அதற்குள் ஏதோ திரவம். சூடானால் விரியும், விரிந்து, நூல் போன்ற ஒரு குழாய் வழியாக வெளியே இருக்கிற சூட்டுமானி முள்ளையும் சுவிட்சையும் தள்ளும், ஓவன் அணையும். ஆறினால் மறுபடி எரியும். குச்சி பழுதானால் ஓவனுக்கு ஜுரம் இருக்கிறதா இல்லையா என்று ஓவனுக்கே தெரியாது.

குச்சியைக் கொக்கியிலிருந்து கழற்றிக் கொதிக்கிற தண்ணீரில் முக்கினேன். மானியின் முள் கொதிநிலைக்கு ஒழுங்காக ஏறி நின்றது. மீன்காரரிடம் ஐஸ் வாங்கி அதில் வைத்தேன். இறங்கியது. கடை முழுவதும் சூரை மீன் வாசனை வந்ததுதான் மிச்சம். குச்சியை மாட்டி, ஒரு தட்டு பன் வைக்கச் சொன்னேன். பொன் நிறத்தில் வந்தது. நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஷாதிபூரில் இருந்த என் வீட்டுக்கு சைக்கிளை மிதித்தேன்.

மறுநாள் காலை பாயின் ஆள் வாசலில் நின்றான். பன் கரியாகிவிட்டதாம்.

போனேன். நான் போனதும் ஓவன் திருந்திவிட்டது. திரும்பி வந்தேன். மறுபடி கருகல். சுவிட்சைப் பிரித்தேன், வயரை மாற்றினேன், காரணமே இல்லாமல் ஃபியூஸையும் மாற்றினேன். பழியைக் கொஞ்சநாள் பவர்ஹவுஸ் மேல் போட்டேன். பிறகு கடல்காற்று மேல். என் எதிரில் ஒருநாளும் ரொட்டி கருகவில்லை. கடைசியில் பாய் சொன்னார்: "மிஸ்திரி, பேசாம நீ ஒரு ஸ்டூல் போட்டு ஓவன் முன்னாடியே குந்திக்கோ. உன் மூஞ்சிய பாத்துதான் அது பயப்படுது."

கப்பல் மெட்ராஸை விட்டுக் கிளம்பிவிட்டது என்று செய்தி வந்த அன்று மறுபடியும் போனேன். கொட்டுகிற மழை. வழக்கம்போல எல்லாம் சரியாக இருந்தது. நான் முகம் வாடி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அண்ணாச்சி ஒரு அவித்த முட்டையை உரித்துக் கையில் கொடுத்தார். அவர் வேலை போகப்போகிறது, ஆறுதல் எனக்கு.

"உப்பு இருக்கா அண்ணாச்சி?"

மாவு மூட்டைக்குப் பின்னாலிருந்து, கம்பியில் பிடி வைத்த ஒரு பால் டப்பாவை எடுத்து நீட்டினார். உப்பை அள்ளினேன். பொலபொலவென்று மணல் மாதிரி உதிர்ந்தது.

தீவின் மழைக்காலம் தெரியாதவர்களுக்கு இது புரியாது. அந்த மாதங்களில் என் வீட்டு உப்பைக் கரண்டியால் மொண்டு ஊற்றத்தான் முடியும்.

"எப்படி அண்ணாச்சி இப்படிக் காயுது?" என்று பொறாமையோடு கேட்டேன்.

"ஓவனுக்குள்ள தொங்குதுல்லா அந்தச் சூட்டுக் குச்சி, அதுல மாட்டிருவேன். குச்சி உப்புக்குள்ள முங்குத மாதிரி வச்சா சீக்கிரம் காஞ்சிரும். சூடு குடுக்கது அதுதான?"

கடித்த முட்டையைக் கீழே வைத்தேன்.

"நான் வரும்போது?"

"கவர்மென்ட் ஆளு வாறீய, உள்ள டப்பாவும் கிப்பாவுமா கெடந்தா நல்லாவா இருக்கும்? எடுத்து ஒளிச்சு வச்சிட்டு, துடைச்சு விட்டுருவேன்."

ஓவன் முழுவதும் வெந்துகொண்டிருக்க, குச்சி மட்டும் ஈர உப்பில் குளிர்ந்து உட்கார்ந்திருந்திருக்கிறது. அது அனலே இல்லை என்று சத்தியம் செய்ய, ஓவனும் நம்பி எரிந்திருக்கிறது. சூடு பார்ப்பதைச் சூடு கொடுப்பது என்று நினைத்த அண்ணாச்சியைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இத்தனை தடவை வந்தும், நான் இல்லாதபோது உள்ளே என்ன வைப்பீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்காத இன்ஜினியர் நான்.

விஷயத்தைச் சொன்னதும் அண்ணாச்சி டப்பாவை மறுபடியும் மூட்டைக்குப் பின்னால் தள்ளினார். "அப்ப தப்பு எம்மேலதானா? கப்பல்ல ஏத்திருவாரு தம்பி."

"இவ்வளவு உப்பு கடைக்கு எதுக்கு அண்ணாச்சி?"

"கடைக்கு எங்க? இது மொதலாளி வீட்டு உப்பு. மொதலாளியம்மா தினமும் குடுத்து விடுவாவ, காயவச்சுக் குடுன்னு."

எனக்கு உயிர் வந்தது. டப்பாவை எடுத்துக்கொண்டு நேரே பாயின் மேசைக்குப் போய், கண் முன்னால் வைத்தேன். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் உப்பைத் தொட்டுப் பார்த்தார்.

"யாரு வீட்டு உப்பு?"

"உங்க வீட்டு உப்பு, பாய். இப்ப கப்பல்ல யாரை ஏத்தணும்னு நீங்களே சொல்லுங்க."

பாய் உள்பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். வீடு கடைக்குப் பின்னால்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "சோடோ மிஸ்திரி, விட்டுத்தள்ளு, அவன் இங்கயே இருக்கட்டும். உப்பை ஓவன் தலைமேல வைக்கச் சொல்லு. நீ எதுவும் பாக்கல, நானும் கேக்கல," என்றார்.

கப்பல் வந்த அன்று அண்ணாச்சியோடு நானும் ஜெட்டிக்குப் போனேன். ஏணியைப் போட்டார்கள். எல்லோரும் முண்டியடிக்க, இந்த மனிதர் மட்டும் தூரத்தில் ஒரு விளக்குக் கம்பத்தைக் கட்டிப்பிடித்தபடி நின்றார்.

"போங்க அண்ணாச்சி, அந்தா வர்றாங்க."

"ஏணிகிட்டப் போனா மொதலாளிக்கு மனசு மாறிரும், ஏத்தி விட்டுருவாரு. அவ இங்க வரட்டும்."

பாய் ஜெட்டிக்கே வரவில்லை என்று சொல்லியும் கேட்கவில்லை. கடைசியில் அந்த அம்மாள் கடல் மயக்கத்தில் தள்ளாடி, டிரங்குப் பெட்டியைத் தானே இழுத்துக்கொண்டு, பிள்ளைகளைப் பின்னால் வரவிட்டு, கம்பம் வரை வந்து சேர்ந்தார். "ஒரு எட்டு முன்னால வந்தா காலு தேஞ்சிருமாக்கும்?" என்றார்.

அண்ணாச்சி கம்பத்தை விட்டுவிட்டுப் பெட்டியைப் பிடித்துக்கொண்டார்.