இரண்டு போர், ஒரு புருவம்

அந்த ஜெர்மானிய விமானப்படை அதிகாரி ஒருவர் அல்ல, இருவர் என்று நான் முழுதாக நம்பினேன். நம்பியதோடு நிற்காமல், மகளின் வரலாற்றுப் போட்டிக்கான அட்டையிலும் அதை ஒட்ட வைத்தேன்.

காரணம் என் குடும்பம். எனக்கும் என் பெரியப்பா மகனுக்கும் ஒரே பெயர். இருவருக்கும் தாத்தாவின் பெயர். மகளுக்கு அவன் பெரியப்பா. அவன் ஒழுங்கு, நான் இப்படி. மகள் காட்டிய முதல் படத்தில், முதல் உலகப் போரின்போது, மேலே மூடியில்லாத ஒரு விமானத்தின் பக்கத்தில் ஓர் இளைஞன் சிரித்துக்கொண்டு நின்றான். பார்த்ததுமே பிடித்துவிட்டது. இரண்டாவது படத்தில், அடுத்த போரில், அதே பெயரோடு ஒரு கனத்த தளபதி. சட்டையில் நாஜிச் சின்னம். நடுவில் ஜெர்மனிக்கு விமானப்படையே கூடாது என்று தடை இருந்த வருடங்கள் வேறு. வேலை போனவன் அதே வேலைக்குத் திரும்பி, தளபதியாகவும் ஆவானா? லேஆஃப் பயத்திலேயே தலை நரைத்த எனக்குத் தெரியாதா?

"ரெண்டு பேரும் கஸின்ஸ்மா. நம்ம வீட்டு மாதிரி," என்று தீர்ப்புச் சொன்னேன். அவளும் மூத்த கஸின், இளைய கஸின் என்று ஆங்கிலத்தில் அழகாக எழுதி, படங்களுக்குக் கீழே ஒட்டிவிட்டாள்.

போட்டி ரவுண்ட் ராக் என்ற ஊரில். தேர்வானால் மாநிலச் சுற்று. நாங்கள் இருக்கும் பேர்லேண்டிலிருந்து காலையில் கிளம்பியது முதல், பேச வேண்டியதை அவள் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். காருக்கு கேஸ் போட ஒரு பெட்ரோல் பங்க்கில் நிறுத்தினோம். அவள் ரெஸ்ட்ரூம் போன நேரத்தில், அட்டை மடங்கியிருக்கிறதா என்று பார்க்க காரின் பின்பக்க ட்ரங்க்கைத் திறந்தேன். நல்ல வெயில். இளைஞனின் இடது புருவத்தை ஒரு தழும்பு வெட்டிக்கொண்டு போனது. தளபதியின் இடது புருவத்தையும்.

தழும்பு பரம்பரையாக வருமா என்று ஃபோனில் தேடினேன். சத்தியமாகத் தேடினேன். வராதாம். அதற்குப் பிறகுதான் அந்த அதிகாரியைப் பற்றியே தேடத் தோன்றியது. ஒரே ஆள். தடைக்காலத்தில் பயணிகள் விமானம் ஓட்டியிருக்கிறார். புதிய விமானப்படை வந்ததும், யாரும் கட்டாயப்படுத்தாமல் தானாகவே போய்ச் சேர்ந்திருக்கிறார். ஊர்கள்மேல் குண்டு போட உத்தரவிட்டிருக்கிறார்.

இந்த அட்டையோடு எப்படிப் போய் நிற்பது? கார் ரிப்பேர் என்று சொல்லிவிடலாமா? டயர் பஞ்சர்? குனிந்து வால்வு மூடியைத் திருகி எடுத்தேவிட்டேன். நிமிர்ந்தால் மகள்.

"அப்பா, வாட் ஆர் யூ டூயிங்?"

"ஏர் செக் பண்றேன்மா."

"தி டாஷ்போர்டு டெல்ஸ் யூ தட்."

மூடியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன். "குட்டி, அவங்க ரெண்டு பேர் இல்ல. ஒரே ஆள்."

அவள் போய் அட்டையைப் பார்த்தாள். பிறகு என்னை. "யூ சேட் லைக் யூ அண்ட் பெரியப்பா!"

"சொன்னேன்."

"யூ வேர் ஸோ ஷூர்!"

"ஷூரா இருக்கறதுதாம்மா எனக்கு வியாதியே."

அவள் சிரிக்கவில்லை. அங்கேயே நின்று இரண்டு சீட்டுகளையும் உரித்தாள். அட்டையின் தோலும் சேர்ந்து கிழிந்து வந்தது. மிச்ச தூரம் முழுவதும் முதலிலிருந்து பேசிப் பழகினாள். பல இடங்களில் தடுக்கி நின்றாள். அந்தப் பதற்றத்தில் நான் ஹைவேயில் இறங்க வேண்டிய எக்ஸிட்டை விட்டு, சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

பெற்றோர் வாயைத் திறக்கக் கூடாது என்பது விதி. சுவரோரம் நின்று வேர்த்துக்கொண்டிருந்தேன். நடுவராக வந்த பெண்மணி, கிழிந்த இடத்தில் விரல் வைத்து, இங்கே என்ன இருந்தது என்று கேட்டார்.

"மை டாட் தாட் தே வேர் டூ பீப்பிள்."

ஏன் அப்படி நினைத்தார் என்றார் நடுவர். மகள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"பிகாஸ் ஹீ லைக்ட் தி ஃபர்ஸ்ட் ஒன்."

வீடு திரும்பும்வரை வால்வு மூடி என் சட்டைப்பையிலேயே இருந்தது. சிரித்துக்கொண்டு விமானத்தின் பக்கத்தில் நின்றவரும், குண்டு போடச் சொன்னவரும் ஒருவர்தான். மகள் மாநிலச் சுற்றுக்குத் தேர்வாகவில்லை.