நாலாவது மாடியில் மழை

ஆற்றங்கரைக் குடிசையில் இருபத்திரண்டு வருஷம் குடியிருந்தவள் அவள். கூப்பிடு தூரத்தில் இருந்த ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் வேலை. வருஷா வருஷம் ஆற்று வெள்ளம் வீட்டுக்குள் வந்துபோகவே, கரையோரத்து ஜனங்களையெல்லாம் நகரத்துக்கு வெளியே அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றினார்கள். அவளுக்கு நாலாவது மாடி. வேலைக்கு இரண்டு பஸ் மாற வேண்டும்.

குடிவந்த பிறகு முதல் பெருமழை. காலையில் கண் விழித்ததுமே பழக்கதோஷத்தில் அரிசி டப்பாவைப் பரண்மேல் ஏற்றினாள்.

கட்டிலில் கிடந்த புருஷன் சிரித்தான். "நாலாவது மாடிக்குத் தண்ணி வந்தா அரிசி எதுக்குடி? கப்பல்தான் வேணும்."

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வேலைக்குக் கிளம்பி பஸ் ஸ்டாப்பில் ஒன்றரை மணி நேரம் நனைந்தபடி நின்றாள். பாலம் மூழ்கிவிட்டது, பஸ் வராது என்றார்கள். சூப்பர்வைசருக்குப் போன் போட்டாள்.

"போன வெள்ளத்துல இடுப்பளவு தண்ணியில நடந்தே வந்தியேம்மா! மாடி வீடு வந்ததும் மழைன்னா பயமாயிடுச்சா?"

"அப்ப ஆத்துக்கு உங்க பக்கம் இருந்தேன் சார். இப்ப இந்தப் பக்கம் கொண்டுவந்து போட்டுட்டாங்க. நீந்தியா வர முடியும்?"

"சரி, இன்னிக்கு வேற ஆளப் போட்டுக்கறேன்" என்று அவர் வைத்துவிட்டார்.

லிஃப்ட் ஓடவில்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு நாலு மாடி ஏறினாள். ஈரப் புடவையை மாற்றிக்கொண்டு தரையில் சாய்ந்தவள், மத்தியானம் வரைக்கும் அடித்துப் போட்டாற்போல் தூங்கினாள். மழை கொட்டும் நாளில் அவள் அப்படித் தூங்கியது அதுதான் முதல் தடவை.