நாலடித் தண்ணீருக்கு ஒரு காவல்

கொல்லிமலையில் வேலை பார்ப்பவனுக்குக் கோடைகாலம் என்று ஒன்று கிடையாது. சொந்தக்காரர்கள் காலம் என்று ஒன்றுதான் உண்டு. கீழே வெயில் ஏற ஏற, அவர்களுக்கு என் மேல் பாசமும் ஏறும். பொங்கலுக்குக்கூடப் போன் செய்யாதவர்கள் ஏப்ரல் கடைசியில் கூப்பிட்டு, "அங்க இப்பக் குளிருதுங்களா?" என்று கேட்பார்கள். குளிருகிறது என்றால் கிளம்பி வருவார்கள். இங்கேயும் வெக்கைதான் என்றால், அது நிஜமா என்று பார்க்க வருவார்கள்.

செம்மேட்டில் ஒரு அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறேன். குடியிருப்பது வாடகை வீடு. நானும் மனைவியும் மகளும் ஒருவரையொருவர் இடிக்காமல் அதற்குள் நடமாடுவதே பெரிய வித்தை. மகளுக்கு ஆறு வயது. கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்தவள். எவ்வளவு காலம் என்றால், பள்ளிக்கூட வாசலில் ஆயா என்னைப் பார்த்ததும், "பாப்பா, உங்க தாத்தா வந்துட்டாருடா" என்று சொல்கிற அளவுக்கு. முதலில் திருத்திக்கொண்டிருந்தேன். இப்போது முடியவில்லை. தாத்தாவாகவே கூட்டிக்கொண்டு வருகிறேன்.

இந்த வருடம் வந்தது என் மச்சினன், மனைவியின் தம்பி. மலையடிவாரத்தில் காரவள்ளிப் பக்கம் மரவள்ளி விவசாயம். அவனும் அவன் மனைவியும், வளர்ந்த இரண்டு பையன்களும். வீட்டில் இடம் போதாது என்று எல்லோருமாக ஊருக்கு வெளியே ஒரு ரிசார்ட்டில் தங்க ஏற்பாடானது. அங்கே நீச்சல் குளம் இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து என் மகள் கட்டிலில் குப்புறப்படுத்துக் கையைக் காலை அடித்துப் பழகிக்கொண்டிருந்தாள். தலையணைகள் ஒன்றும் மிஞ்சவில்லை.

மச்சினன் சாதாரண ஆளில்லை. அவன் ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கியது அவனுடைய கிணறுதான். ரிசார்ட்டில் இறங்கியதும் கார் டிக்கியைத் திறந்து மஞ்சள் நிறத்தில் காலி எண்ணெய்க் கேன் ஒன்றை எடுத்து, மூடியை இறுக்கித் திருகினான்.

"மாப்ள, ரிசார்ட்டுல எண்ணெய் தருவாங்க."

"பாப்பாளுக்கு மச்சான். முதுகுல கட்டி உட்டா ரெண்டே நாள்ல மீனாட்டம் போவா. கேன் கட்டித்தானுங்களே எம் பசங்களும் பழகுனாங்க?"

அது நிஜம். கிணற்றில் சின்னப் பிள்ளையை இறக்கும்போது முதுகில் ஒரு காலி கேனைக் கட்டுவார்கள். கூடவே இடுப்பில் ஒரு கயிறு. கயிற்றின் மறுமுனை மேலே நிற்கிற பெரியவர் கையில் இருக்கும். பிள்ளை கையைக் காலை ஓயவிட்டால் மேலிருந்து இழுத்துக்கொள்வார்கள். எங்கள் பக்கத்தில் இதற்கு யாரும் வகுப்பெடுப்பதில்லை. கேன் என்றால் கயிறும் சேர்த்துத்தான்.

"கயிறெங்க மாப்ள?"

"நாலடித் தண்ணிக்குக் கயிறா? நீங்க வேற. இங்க உளுந்தாக்கூட எந்திரிச்சு நின்னுக்கலாம்."

எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. கயிறு வந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிற வேலை என் தலையில்தான் விழும். நாலடி என்பது அவனுக்கு நெஞ்சு என்பதும், என் மகளுக்கு மூக்குக்கும் மேலே என்பதும் எங்கள் இருவருக்கும் தெரியாமலில்லை. அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான்.

குளத்தின் ஓரத்தில் ஒரு பலகை. 'இங்கே பாதுகாவலர் கிடையாது. குழந்தைகளின் பாதுகாப்பு பெற்றோர் பொறுப்பு.' அதை நான் சத்தமாக வாசித்து, "பெத்ததுக்கு இங்கயும் வந்து கையெழுத்துப் போடணுமாட்டம் இருக்குது" என்றேன். மச்சினன் மனைவி சிரித்தாள். நான் ஒன்று சொன்னால் நாலு பேர் சிரிக்க வேண்டும். என் பிழைப்பு அப்படி. தலையில் முடியும் இல்லை, வயிறும் உள்ளே போகாது. மனிதர்கள் என்னைப் பக்கத்தில் வைத்துக்கொள்வதற்கு வேறு காரணம் என்ன இருக்கிறது?

சுற்றிலும் மிளகுக்கொடி ஏறிய மரங்கள். நடுவில் நீலத் தரையோடு அந்தக் குளம். கிணற்றை எட்டிப் பார்த்தால் அடிவயிறு ஒரு தடவை சில்லென்று ஆகும். அங்கே நிற்கிற ஒருவரும் வெட்டிப் பேச்சுப் பேச மாட்டார்கள். இந்த நீலத்தைப் பார்த்தால் யாருக்கு என்ன பயம் வரும்? அடியில் கிடந்த முடி கட்டுகிற ரப்பர் பேண்டுகூடத் தெரிந்தது.

முதலில் மச்சினன்தான் மகள் முதுகில் கேனைக் கட்டி, அவளைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இருந்தான். அவளும் நன்றாகவே கால் அடித்தாள். கொஞ்ச நேரத்தில் கோழி வறுக்கிற இடத்திலிருந்து யாரோ கூப்பிட்டார்கள்.

"மச்சான், ஒரு எட்டுப் பாத்துட்டு வாரேன். பாத்துக்கங்க."

"போ மாப்ள."

மனைவி துண்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "ஏனுங்க, துணி மாத்தீட்டு வாரேன். பாத்துக்கங்க."

அவள் பின்னாலேயே மச்சினன் மனைவி. "அண்ணா, பாத்துக்கங்க." பையன்கள் இருவரும் எப்போதோ பந்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆக, பாத்துக்கங்க, பாத்துக்கங்க என்று எல்லோரும் என் மேல் போட்டுவிட்டுப் போனார்கள். நானும் கல்யாண வீட்டில் செருப்புக்குக் காவல் இருக்கிறவன் மாதிரி தலையை ஆட்டி ஆட்டி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன். அன்றைக்குக் காலையிலிருந்து பெட்டி தூக்கி, பழம் வாங்க சோளக்காடு சந்தைக்குப் போய், அறைக்கு வெந்நீர் வரவில்லை என்று இரண்டு தடவை கீழே இறங்கி ஏறியிருந்தேன். உட்கார ஒரு நாற்காலி கிடைத்தது. அதில் விழுந்தேன்.

பக்கத்து நாற்காலிகளில் வெளியூர்க் குடும்பம் ஒன்று. கணவன், மனைவி, கணவனின் நண்பர். நீங்கள் எந்த ஊர் என்று கேட்டார்கள். கேட்டிருக்கக் கூடாது. கோடையில் மலையேறி வருகிற சொந்தக்காரர்களைப் பற்றி நான் வைத்திருக்கிற கதை முழுவதும் எடுத்துவிட்டேன். எங்கள் ஒன்றுவிட்ட பெரியப்பா வளைவுக்கு வளைவு வண்டியை நிறுத்தி வாந்தி எடுத்துக்கொண்டே, "ஊரு நல்லாருக்குது கண்ணு" என்று பாராட்டியபடி வந்ததை நடித்தே காட்டினேன். நண்பர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். சிரிக்கிற முகத்தை விட்டு வேறெங்கும் பார்க்கத் தோன்றாது எனக்கு. இருந்தாலும் நடுவில் ஒரு தடவை குளத்தைத் திரும்பிப் பார்க்கத்தான் செய்தேன்.

மஞ்சள் கேன் தண்ணீருக்கு மேலே அழகாக நின்றது. அதற்குக் கீழே என் மகள் குப்புற, கைகளை விரித்தபடி. சத்தமில்லை, ஆர்ப்பாட்டமில்லை.

"பாத்தீங்ளா, எம் பொண்ணு," என்றேன். "ஒரே நாள்ல பழகீட்டா."

மூன்று பேரும் பார்த்தார்கள். அந்த அம்மாதான் கேட்டார்: "ஏங்க, பாப்பா தலையைத் தூக்கவே இல்லையே?"

அதற்கப்புறம் நான் செய்தது எதுவும் எனக்கு வரிசையாக ஞாபகமில்லை. செருப்போடு, போனோடு தண்ணீரில் இருந்தேன். கால் வழுக்கி நானே ஒரு தடவை முழுகினேன். கேனைப் பிடித்துத் தூக்கினேன், பிள்ளை அதோடு வந்தது. உதடு நீலமாக இருந்தது. தோளில் போட்டுக்கொண்டு படியேறுவதற்குள் அவள் இருமினாள். இருமி, தண்ணீரும் காலையில் தின்ற இட்லியுமாக என் முதுகில் கொட்டினாள். பிறகு அழுதாள். ஒரு பிள்ளை அழுகிற சத்தத்துக்காக மனிதன் இப்படிக் கெஞ்சுவான் என்று எனக்கு அதுவரை தெரியாது.

யாரும் அவளைத் தள்ளவில்லை. கால் அடித்து ஓய்ந்திருக்கிறாள். ஓய்ந்ததும் முதுகிலிருந்த கேன் மேலே ஏறி, முகத்தைத் தண்ணீருக்குள் கவிழ்த்துவிட்டது. கிணற்றிலும் கேன் இதைத்தான் செய்யும். அங்கே அந்த நேரத்தில் கயிறு இழுபடும். நாங்கள் மலைக்குக் கேனை மட்டும் கொண்டுவந்திருந்தோம்.

செம்மேட்டு ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் இருமல் அதிகமானாலோ, மூச்சு வாங்கினாலோ, சோர்ந்து சோர்ந்து படுத்தாலோ உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள் என்றார். "கூட யார் இருந்தீங்க?" என்று கேட்டார். நாங்கள் நாலு பெரியவர்களும் அங்கேயே நின்றுகொண்டிருந்தோம்.

"நாஞ் சொல்லீட்டுத்தானுங்க போனேன்," என்றான் மச்சினன்.

"நானும் சொன்னனுங்க," என்றாள் அவன் மனைவி.

என் மனைவி வெளியே வந்து மகளைக் காரில் படுக்க வைத்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, என்னிடம் மட்டும் கேட்டாள்: "சிரிக்க வெச்சுட்டு இருந்தீங்களா?"

கோபமாகக் கேட்டிருந்தால் எனக்கும் ஏதாவது வாயில் வந்திருக்கும். அவள் அலுத்துப்போய்க் கேட்டாள்.

அன்று மாலை முழுவதும் ரிசார்ட் அறையில் மகள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுற்றுலா வந்தால் அப்பா வேலைக்கும் லீவு என்று நினைத்துவிடுகிறோம். அலுவலகத்தில் நான் லீவு போட்டால் என் மேசைக்கு இன்னொருவர் பெயர் எழுதி வைத்துவிட்டுத்தான் போகவேண்டும். இங்கே நாலு பேரும் ஒரே நேரத்தில் லீவு போட்டிருக்கிறோம். நான் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்தபடி போட்டிருக்கிறேன்.

மறுநாள் வெயில் ஏறியதும் மகள் எழுந்து உட்கார்ந்து, முதல் வார்த்தையாக, "கொளத்துக்குப் போலாங்ப்பா" என்றாள்.

"தண்ணியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்," என்றாள் மனைவி.

மகள் அழவில்லை. சன்னலோரம் போய் நின்று குளத்தைப் பார்த்தாள். மச்சினன் பையன்கள் அதில் குதித்துக்கொண்டிருந்தார்கள். அவள் அப்படி நின்றது எனக்கும் மனைவிக்கும் ஒரே நேரத்தில் கண்ணில் பட்டது. இன்றைக்கு இறங்காவிட்டால் இனி எப்போதும் இவள் தண்ணீரைச் சன்னலில் நின்றுதான் பார்ப்பாளோ என்று எனக்குத் தோன்றியது. மனைவிக்கும் தோன்றியிருக்க வேண்டும். "போறதுன்னா நீங்க பொறுப்பு," என்றாள். "வேற ஆருகிட்டயும் உடக்கூடாது."

மச்சினன் முந்தின நாளிலிருந்து சாப்பிடவில்லை. கேனை எங்கோ கண் காணாத இடத்தில் போட்டுவிட்டான். இப்போது எங்கிருந்தோ நைலான் கயிறு ஒன்று கொண்டுவந்து, மண்டியிட்டு, மகளின் இடுப்பில் கட்டினான். மறுமுனையை என் கையில் கொடுத்தான். "பாப்பாள ஒரு நொடி உடாதீங்க மச்சான்," என்று இடுப்பு முடிச்சை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தான்.

கயிற்றைப் பிடித்துக்கொண்டு குளத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். நேற்றுச் சிரித்த நண்பர் இன்றும் அங்கே உட்கார்ந்திருந்தார். "என்ன சார், ஆடு மேய்க்கிறீங்களா?" என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. ஒன்றல்ல, மூன்று. மூன்றும் நல்ல பதில்கள். ஆனால் சொல்வதற்கு அவர் பக்கம் திரும்ப வேண்டும். திரும்பவில்லை. நாற்பத்தெட்டு வயதில் முதல் தடவையாக ஒரு நல்ல பதிலை வாயிலேயே வைத்து விழுங்கினேன்.

கயிறும் நெடுநேரம் ஓடவில்லை. கிணற்றில் ஒரு பிள்ளைதான் இறங்கும். இங்கே ஏணியில் சுற்றிக்கொண்டது. இன்னொரு பெண் குழந்தையின் காலில் மாட்டி அதுவும் தண்ணீரைக் குடித்தது. ரிசார்ட் ஆள் ஓடிவந்து, "சார், கயிறெல்லாம் இங்க கூடாதுங்க" என்றார். அவர் சொன்னது நியாயம். அவிழ்த்தேன்.

"அப்பா, அப்ப நான் ஏறிக்கணுமா?"

"இல்ல சாமி. அப்பா எறங்கறேன்."

கொல்லிமலைத் தண்ணீரை மே மாதம்கூட நம்பக் கூடாது. முழங்கால் வரைக்கும் வீரமாக இறங்கினேன். வயிறு நனைந்தபோது என்னையறியாமல் ஒரு சத்தம் போட்டேன். மகளுக்கு அது பிடித்துவிட்டது, இன்னொரு தடவை போடச் சொன்னாள். அவளைக் கழுத்தளவுப் படியில் நிற்க வைத்து, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றேன். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தாள். நானும் மூச்சை நிறுத்தினேன். எடுத்தாள். நானும் விட்டேன். மறுபடி வைத்தாள். இப்படி எத்தனை தடவை என்று கணக்கில்லை. பல் அடித்துக்கொண்டது. இடுப்பு வலித்தது. அலுப்பு என்றால் அப்படி ஓர் அலுப்பு. சத்தம் போட ஒன்றுமில்லை, சிரிக்க வைக்க ஆளில்லை, ஒரு பிள்ளையின் உச்சந்தலையைப் பார்த்தபடி நிற்கிற வேலை. இதைவிடச் சலிப்பான வேலையை எந்த அலுவலகத்திலும் நான் பார்த்ததில்லை.

"ஏறலாமா கண்ணு?"

"இன்னுங் கொஞ்ச நேரம்ப்பா."

மனைவி கரையில் வந்து நின்றாள். என் உதட்டைப் பார்த்தாள். துண்டை நாற்காலியில் போட்டுவிட்டு, சுடிதாரோடு படியிறங்கி எங்கள் பக்கத்தில் வந்தாள். குளிரில் அவளுக்கும் மூச்சு ஒரு தடவை நின்று வந்தது.

"குடுங்க," என்றாள்.

மகளின் கையை எடுத்து அவள் கையில் வைத்தேன். அவள் விரல்கள் மூடிக்கொள்கிற வரைக்கும் என் கையை எடுக்கவில்லை.

"இப்ப நாம் பாக்கறனுங்க. நீங்க ஏறித் தலையத் தொவட்டுங்க."

ஏறவில்லை. ஏன் என்று கேட்டால் தெரியாது. நடுவில் மகள், இந்தப்பக்கம் அவள், அந்தப்பக்கம் நான். மகள் முகத்தை வைத்து, எடுத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு எங்களை மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏம்ப்பா, ரெண்டு பேரும் பேசாமயே நிக்கறீங்க? சண்டையா?"

"இல்ல சாமி," என்றாள் மனைவி. "உன்னையப் பாத்துட்டிருக்கறோம்."