ஒகேனக்கலுக்கு முப்பத்தாறு பேர்

ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தவர்களுக்கு நன்றாகத் தெரியும், உத்தரவில் எழுதியிருக்கும் வேலையைவிட எழுதாத வேலைதான் ஜாஸ்தி.

எங்கள் கம்பெனி பள்ளிகொண்டாவுக்கும் ஆம்பூருக்கும் நடுவில், ஹைவேயை ஒட்டி இருந்தது. ஷூவின் மேல்பாகத்தை வெட்டி, மடித்து, தைத்து அனுப்புவோம். எண்பதுகளின் ஆரம்பத்தில் பெண்கள் பிரிவு என் பொறுப்பில் இருந்தது. அந்த வருஷம் மேனேஜர் நோட்டீஸ் போர்டில் ஒரு காகிதத்தை ஒட்டினார். பெண்கள் பிரிவுக்கு ஒகேனக்கல் டூர், பரிசல் சவாரி, குளியல், மத்தியானச் சாப்பாடு, இன்சார்ஜ் நான். அது எனக்கே நோட்டீஸைப் படித்துத்தான் தெரியும். ஆபீசிலோ பள்ளிக்கூடத்திலோ டூர் இன்சார்ஜாக மாட்டிக்கொண்டவர்கள் யாராவது இதைப் படித்தால், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து எனக்கும் இடம் கொடுங்கள்.

கையெழுத்து

முதல் சிக்கல் அப்பாக்கள். அதுவரை எங்கள் பெண்கள் கம்பெனிக்கு வந்தார்கள், வீட்டுக்குப் போனார்கள், அவ்வளவுதான். வெளியூர், அதுவும் ஆறு என்றதும் ஒவ்வொரு வீட்டிலும் பஞ்சாயத்து. கடைசியில் நான் முப்பத்தாறு காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன். 'விளக்கு வைப்பதற்குள் உங்கள் பெண்ணைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பேன்.' ஆற்றில் இருக்கும் நேரம் அரைநாளாகச் சுருங்கியது இந்த விளக்கினால்தான்.

முப்பத்தைந்து பேருக்குக் காகிதம் போதுமானதாக இருந்தது. செல்வியின் அப்பாவுக்குப் போதவில்லை. அணைக்கட்டு என்ற ஊரில் விவசாயம் செய்கிறவர். வெளுத்த வேட்டியும் தோளில் துண்டுமாகக் கம்பெனி கேட்டுக்கே வந்துவிட்டார். செல்விக்கு அப்போது பத்தொன்பது வயது. என் லைனில் அவளைப்போல் மிஷின் ஓட்ட ஆள் கிடையாது. நாள் முழுக்கத் தைத்தாலும் அவள் தைத்ததில் ஒன்றுகூடத் திரும்பி வராது. அந்த மிஷினை விட்டுவிட்டு வீட்டில் உட்காருவதை அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. அது அவள் அப்பாவுக்கும் தெரியும் போலிருக்கிறது, சரியாக அங்கேயே கை வைத்தார்.

"கரையில உக்காந்து பாக்கட்டும், நான் வேணாம்னு சொல்லல. ஆனா தண்ணில எறங்கக் கூடாது. எறங்கிச்சுன்னு தெரிஞ்சிது, மறுநாள்லருந்து வேலைக்கும் வராது, சொல்ட்டேன் மேடம்."

பஸ்ஸிலும் லைன்

விடியற்காலை நாலு மணிக்குப் பஸ் கிளம்ப வேண்டும். பெண்கள் மூன்றரைக்கே தலைநிறையப் பூவோடு வந்து நின்றார்கள். டிரைவர் பாஷா பாய் ஐம்பதைத் தாண்டியவர். கல்யாணப் பார்ட்டிகளை ஏற்றி ஏற்றிச் சலித்துப்போன மனுஷன். பெண்கள் ஏறினால் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை நடக்கும் என்று வேடிக்கை பார்க்கத் தயாராக இருந்தார்.

சண்டை எதுவும் நடக்கவில்லை. கட்டிங் பெண்கள் முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். அடுத்து தோலின் ஓரத்தைச் சீவுகிறவர்கள், அடுத்து மடிக்கிறவர்கள், அப்புறம் தையல். எல்லோருக்கும் கடைசியில், தைத்ததைப் பரிசோதிக்கும் பாக்கியம் அக்கா. கம்பெனியில் எப்படி உட்காருவார்களோ அப்படியே, யாரும் சொல்லாமலே உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கு ஒருபக்கம் பெருமையாகவும் ஒருபக்கம் பாவமாகவும் இருந்தது. ஆனாலும் எண்ணுவதற்குச் சௌகரியம். வாணியம்பாடியில் ஒரு தடவை, திருப்பத்தூரில் ஒரு தடவை, தர்மபுரியில் டீ குடித்த பிறகு இரண்டு தடவை எண்ணினேன். பாஷா பாய் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"மேடம், யாரும் கம்மியாகல. ஓடற பஸ்லருந்து எறங்கி எங்க போய்டப் போறாங்க? கொஞ்சம் உக்காருங்க, எனக்கே பேஜாரா கீது."

ரிஜெக்ட்

பரிசல் என்றால் மூங்கிலைப் பின்னி, அடியில் தோல் போர்த்திய வட்டக் கூடை. அந்தக் காலத்தில் துறையில் இருந்த பரிசல்களில் பாதிக்கு எருமைத்தோல், மீதிக்குத் தார் பூசிய சாக்கு. வருகிறவர்கள் எல்லோரும் அதில் ஏறி உட்கார்ந்து சிரிப்பார்கள், பயப்படுவார்கள், போவார்கள். எங்கள் ஆட்கள் ஏறவில்லை. குனிந்து தோலைப் பார்த்தார்கள்.

முதலில் கட்டிங் பெண் ஒருத்தி விரலால் அழுத்திப் பார்த்து, "இது வயித்துப்பக்கத்துத் தோல், இழுத்துக்கும்" என்றாள். இன்னொருத்தி முகர்ந்து பார்த்தாள். பாக்கியம் அக்கா மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டினார். அந்தக் கண்ணாடியை மாட்டினால் அக்காவுக்கு அண்ணன் தம்பி கிடையாது. கரையில் கவிழ்த்து வைத்திருந்த பரிசல்களைச் சுற்றிச் சுற்றி வந்தார். இரண்டு தோல்கள் சேரும் இடத்தில் தையலைத் தடவினார். பையிலிருந்து சாக்பீஸை எடுத்தார். ஆமாம், டூருக்கும் சாக்பீஸ் கொண்டுவந்திருந்தார். குறை கண்ட இடத்தில் எல்லாம் கம்பெனியில் போடுகிற மாதிரியே வட்டம் போட்டார். ஒன்பது பரிசலைப் பார்த்து, ஐந்தில் வட்டம் போட்டு, நான்கைப் பாஸ் பண்ணினார். முக்கால் மணி நேரம் போய்விட்டது. விளக்கு வைக்கும் நேரத்தை நினைத்து நான் வாட்சைப் பார்த்தபடி தவித்தேன்.

நாங்கள் ஏறும் நேரத்தில் பெங்களூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. வட்டங்களைப் பார்த்தார்கள், அது என்ன என்று விசாரித்தார்கள், பிறகு அந்த ஐந்து பரிசலில் ஏற மாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். பரிசல்காரர்களில் பெரியவர் பாக்கியம் அக்காவிடம் ஓடிவந்தார்.

"அம்மா, நீங்க சொன்ன எடமெல்லாம் இன்னிக்கே தச்சுப் போடறேன். அந்தச் சாக்பீஸ மட்டும் அழிச்சிட்டுப் போங்க, பொழப்பு கெட்டுப்போவுது."

கரையில் ஒருத்தி

பரிசல் ஒரு சுற்று சுற்றியதும் முப்பத்தாறு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். இரண்டு பக்கமும் பாறைச் சுவர், நடுவில் பச்சைத் தண்ணீர், தூரத்தில் அருவிச் சத்தம். தோல் ஊறுகிற நாற்றத்தையே சுவாசித்துப் பழகிய மூக்குகளுக்கு அந்தக் காற்று என்னமோ செய்தது. கொஞ்ச நேரத்தில் கத்தல் பாட்டாகிவிட்டது. நானும் பாடினேன். என் குரலை அதற்குமுன் அவர்கள் திட்டுகிற குரலாக மட்டுமே கேட்டிருந்தார்கள்.

நடுவில் ஒரு மணல்திட்டில் இறக்கிவிட்டார்கள். பெண்கள் சேலையோடு, பாவாடை தாவணியோடு தண்ணீரில் இறங்கி ஆடித் தீர்த்தார்கள். தினமும் எட்டு மணி நேரம் குனிந்த தலை நிமிராமல் தைக்கிறவர்கள் ஒருத்தி மேல் ஒருத்தி தண்ணீர் வாரி அடிப்பதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மேனேஜரைக்கூட மன்னித்துவிடலாம் என்று தோன்றியது.

செல்வி மட்டும் பாறைமேல் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கால் விரல்கூட நனையாமல் கவனமாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய், "நீச்சல் தெரியாதா உனக்கு?" என்று கேட்டேன். வீட்டுக் கிணற்றில் ஏழு வயதிலிருந்து நீந்துகிறாளாம், அப்பாதான் இடுப்பில் கயிறு கட்டிக் கற்றுக்கொடுத்தாராம். எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரே ஒரு முங்கு போட்டுவிட்டு வா, நான் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றேன். இன்சார்ஜ் சொல்லக்கூடாத வார்த்தைதான். அவள் தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொன்னாள்.

"ஆசையாத்தான் கீது மேடம். ஆனா நாளைக்கு என் மிஷின்ல வேற ஆளு உக்காந்தா தாங்க மாட்டேன்."

முப்பத்தைந்து

கிளம்பும் நேரம் வந்தது. பஸ்ஸில் வரிசையாக இருந்தவர்கள் பரிசலில் கண்டபடி ஏறியிருந்தார்கள். மூன்று பரிசல் நிறைந்து தண்ணீரில் மிதந்தது. நாலாவதில் நானும் செல்வியும் இன்னும் சிலரும். எண்ணினேன், முப்பத்தைந்து வந்தது. மறுபடியும் எண்ணினேன், முப்பத்தைந்து. முன்னால் இருந்த மூன்று பரிசலும் சும்மா நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தன. ஒரே மூஞ்சி இரண்டு தடவை வந்தது, சில மூஞ்சிகள் வரவே இல்லை. நன்றாகத் தெரியட்டும் என்று எழுந்து நின்றேன்.

பரிசலில் எழுந்து நிற்கக் கூடாது என்று பரிசல்காரர் நாலு தடவை சொல்லியிருந்தார். அது மற்றவர்களுக்குச் சொன்னது என்று நினைத்திருந்தேன். "இருபத்தேழு" என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது. இருபத்தெட்டைத் தண்ணீருக்குள் சொன்னேன்.

எனக்கு நீச்சல் தெரியாது. கண், காது, மூக்கு எல்லாவற்றிலும் காவிரி. கையைக் காலை உதறியதில் கரை எது, ஆழம் எது என்று தெரியவில்லை. உண்மையைச் சொல்கிறேன், செத்துவிட்டோம் என்றே நினைத்தேன். அப்போது பக்கத்தில் தொப்பென்று ஒரு சத்தம். யாரோ என் கொண்டையைப் பிடித்துத் தூக்கினார்கள். கண்ணைத் திறந்தால் செல்வியின் முகம்.

"காலை ஊனுங்க மேடம், மாரளவு தண்ணிதான்."

அரைமணிச் சாப்பாடு

துறைக்குத் திரும்பியதும் ஓரத்தில் அடுப்பு வைத்திருந்த ஒரு அம்மா சோறும் குழம்பும் வறுத்த மீனும் போட்டார். செல்வி மாற்றுத் துணி கொண்டுவரவில்லை, தண்ணீரில் இறங்கப்போகிறவள்தானே கொண்டுவருவாள்? பாக்கியம் அக்காவின் சேலையைச் சுற்றிக்கொண்டு, ஈரத் தலையை அப்படியே கொண்டை போட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் இலையில் மீன் அப்படியே இருந்தது.

மற்றவர்கள் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார்கள். கம்பெனியில் சாப்பாட்டுக்கு அரைமணி, அதற்குள் கை கழுவி மிஷினுக்கு வந்துவிட வேண்டும். சங்கு ஊதாத இடத்திலும் கை அந்தக் கணக்கிலேயே போனது. இருபது நிமிஷத்தில் இலையை எடுத்துப் போட்டுவிட்டு வரிசையில் நின்றார்கள். நின்ற பிறகுதான் ஏன் நிற்கிறோம் என்று யோசித்தார்கள். சமைத்த அம்மா இரண்டாவது தடவை போடக் கரண்டியோடு வந்தவர், அப்படியே இடுப்பில் கை வைத்தார்.

"ஏம்மா, வறுத்த மீனு ஆத்துக்கே ஓடிப்போயிரும்னா இப்படித் திங்கறீங்க?"

கேட்டில் நின்றவர்

திரும்பும் வழியில் பஸ்ஸில் பாட்டு இல்லை. கிருஷ்ணகிரி தாண்டியதும் செல்வியின் அப்பாவிடம் என்ன சொல்வது என்று பாக்கியம் அக்கா தலைமையில் ஒரு கூட்டம் நடந்தது. குழம்பு கொட்டிவிட்டது, அதனால் சேலை மாற்றினாள். தலைக்கு? தலையிலும் குழம்பு கொட்டிவிட்டது, கழுவினாள். முப்பத்தைந்து பேரும் சாட்சி. அவ்வளவு அழகாகத் தைத்த பொய்யை நான் பார்த்ததில்லை. செல்வி ஜன்னலுக்கு வெளியே பார்த்து அழுதுகொண்டே வந்தாள். என் ஒரு ஆளின் முட்டாள்தனத்துக்கு அவள் மிஷினை இழக்கப் போகிறாள்.

வெயில் இறங்கும் நேரத்தில் கம்பெனிக்கு வந்துவிட்டோம். விளக்கு வைக்கவில்லை, அந்த வாக்காவது நின்றது. கேட்டில் எல்லா அப்பாக்களுக்கும் முன்னால் அணைக்கட்டுக்காரர் நின்றார். செல்வி இறங்கியதும் சேலையைப் பார்த்தார், தலையைப் பார்த்தார், துண்டைத் தோளிலிருந்து எடுத்தார்.

"இன்னாம்மா, எறங்கினியா?"

பாக்கியம் அக்கா, "குழம்பு..." என்று ஆரம்பித்தார். செல்வி, "எறங்கினேன்பா" என்றாள். நான் ஓடிப்போய் நடுவில் நின்றேன். பரிசலில் எழுந்து நின்றது, விழுந்தது, கொண்டையைப் பிடித்துத் தூக்கியது என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். தண்ணீர் மார்பளவு என்பதை மட்டும் சொல்லவில்லை, அதைப் பெண்களில் யாரோ பின்னாலிருந்து சொல்லிவிட்டார்கள். தப்பு என்னுடையது, வேலையை விட்டு நிறுத்துவதானால் என்னை நிறுத்தச் சொல்லுங்கள் என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். என் சேலை காய்ந்து முறுக்கிக் கிடந்தது, தலையில் பூவுக்குப் பதிலாகப் பாசி. பிறகு பெண்ணின் தலைமேல் துண்டைப் போட்டு, ஈரம் போகத் துவட்ட ஆரம்பித்தார். "காலைல எட்டு மணி ஷிப்டுதான?" என்று அவளிடம் கேட்டார். அவள் துண்டுக்குள்ளேயே தலையை ஆட்டினாள். துவட்டி முடித்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"தப்பு என்னுதுதான் மேடம். தண்ணில எறங்காதன்னு நான் உங்களுக்குத்தான் சொல்லிருக்கணும்."

முப்பத்தாறு பேருக்கு நான் பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டுக் கிளம்பியவள் நான், அடுத்த வருஷத்திலிருந்து ஒவ்வொரு டூருக்கும் எனக்குப் பொறுப்பாக அணைக்கட்டிலிருந்து ஒரு பெண்ணை அவள் அப்பாவே மாற்றுத் துணியோடு அனுப்பிவைத்தார்.